மேடைக்கும் ரசிகருக்கும் நடுவே வந்தவை

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி நண்பகலில், கோல்ட்ப்ளே என்னும் பிரிட்டிஷ் இசைக்குழுவின் மும்பை நிகழ்ச்சிகளுக்கான டிக்கெட் விற்பனை இணையத்தில் தொடங்கியது. நவி மும்பையின் டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் அடுத்த ஜனவரியில் நடக்கவிருந்த அந்த நிகழ்ச்சிகளுக்காக 1.3 கோடிப் பேர் தன் தளத்துக்குள் வந்ததாக, விற்பனையை நடத்திய புக்மைஷோ நிறுவனம் பின்னர் தெரிவித்தது. மைதானத்திலோ ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50,000 பேர்தான் கொள்வார்கள். 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 ரூபாய் வரை விலை வைக்கப்பட்டிருந்த டிக்கெட்டுகள் அன்றைக்கே தீர்ந்தன. சில மணி நேரத்துக்குள் மறுவிற்பனைத் தளங்களில் அவற்றின் விலை லட்சங்களைத் தொட்டது. மும்பை காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு விற்பனை நிறுவனத்தின் அதிகாரிகளை விசாரணைக்கு அழைத்தது. அக்டோபர் மாதத்தில் அமலாக்கத் துறை டெல்லி, மும்பை, பெங்களூரு உள்ளிட்ட ஐந்து நகரங்களில் சோதனை நடத்தியது.

ஒரு பாட்டுக் கச்சேரிக்குப் போக வேண்டும் என்ற எளிய ஆசை, பொருளாதாரக் குற்றப் பிரிவு தலையிட வேண்டிய விவகாரமாக எப்படி மாறியது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அந்த ஆசை எதை நாடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதே பாடல்கள் கைபேசியில் ஏறக்குறைய இலவசமாகவே கிடைக்கின்றன; ஒலித்துல்லியமும் மைதானத்தில் கேட்பதைவிட வீட்டில் நன்றாகவே இருக்கும். ஆகவே மக்கள் தேடி வருவது வெறும் பாட்டு அன்று. வேலை, கடன், குடும்பக் கவலை எல்லாவற்றையும் வாசலில் விட்டுவிட்டு, முன்பின் அறியாத பல்லாயிரம் பேரோடு ஒரே தாளத்துக்குள் இரண்டு மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வருவதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம், சடங்குகளில் கூட்டமாகக் கூடும் மனிதர்களிடம் எழும் பொங்குதலைப் பற்றி 1912இலேயே எழுதினார். தனி மனிதர் தன் எல்லையை மறந்து தன்னைவிடப் பெரிய ஒன்றின் பகுதியாக உணரும் நிலை அது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வொல்ஃப்காங் ஷாஹரின் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வு இதை உடலளவிலும் அளந்து பார்த்தது. மேற்கத்தியச் செவ்வியல் இசையைக் கேட்ட 132 பேரின் இதயத் துடிப்பிலும் மூச்சின் வேகத்திலும் தோலின் மின்கடத்தலிலும் ஏற்பட்ட மாற்றங்கள் ஒன்றோடொன்று இசைந்து சென்றன. இந்த இசைவுக்கு ஒரு நிபந்தனை உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. வந்திருப்பவர்களின் கவனம் மேடையிலும் பக்கத்தில் நிற்பவரிடமும் இருக்க வேண்டும். வேறு யாரும் அதைப் பிடித்து இழுக்கக் கூடாது.

இதைச் சொல்லும்போது, காசு வாங்குவதே கலைக்குப் பகை என்று சொல்லிவிட முடியாது. லண்டனில் 1672ஆம் ஆண்டின் இறுதியில் ஜான் பானிஸ்டர் என்னும் வயலின் கலைஞர், ஒரு ஷில்லிங் தரும் எவரும் வந்து கேட்கலாம் என்று செய்தித்தாளில் அறிவித்துத் தம் வீட்டில் நாள்தோறும் இசை நிகழ்ச்சி நடத்தினார். பொதுமக்கள் காசு கொடுத்துக் கேட்ட முதல் கச்சேரிகள் என்று இசை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் குறிப்பிடுகிறார்கள். அதுவரை அரசவையிலும் பிரபுக்களின் மாளிகையிலும் அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே கேட்ட இசையை, கையில் ஒரு ஷில்லிங் வைத்திருந்த கடைக்காரரும் கேட்க முடிந்தது. அரண்மனை, கோயில், செல்வர் வீட்டுக் கல்யாணம் ஆகியவற்றின் ஆதரவில் இருந்த கருநாடக இசை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சென்னையின் சபாக்களுக்கு வந்து டிக்கெட் வாங்கியவர்கள் முன் அமர்ந்ததும் ஏறத்தாழ இதே திசையிலான நகர்வுதான். எல்லாக் கதவுகளையும் அது திறந்துவிடவில்லை என்றாலும், அழைப்பு இல்லாதவரும் உள்ளே வர டிக்கெட் ஒரு வழியைத் தந்தது. பெரும்பாலும் வாசலோடு அந்தக் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. உள்ளே போன பிறகு ரசிகரிடம் விற்பதற்கு ஒரு காபியைத் தவிர அதிகம் இருந்ததில்லை. அவரையே பிறருக்கு விற்கும் வழியோ எவர் கையிலும் இல்லை.

அந்த எல்லை அழிந்ததற்குக் காரணம் கச்சேரி அரங்கில் இல்லை, இசைத்தட்டுக் கடையில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி முழுவதும் பெரும் மேற்கத்தியக் கலைஞர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடியது, இசைத்தட்டு விற்பதற்கான விளம்பரமாகத்தான் கருதப்பட்டது. டிக்கெட் மலிவாக இருந்தால் கூட்டம் நிறையும், கூட்டம் நிறைந்தால் இசைத்தட்டு விற்கும். பதிவு செய்யப்பட்ட இசையின் விற்பனை 1999இல் உச்சத்தைத் தொட்ட அதே ஆண்டில், பாடல்களை இணையத்தில் இலவசமாகப் பகிர்ந்துகொள்ள வழிசெய்த நாப்ஸ்டர் வந்தது. அதன் பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகள் அந்த வருமானம் சரிந்துகொண்டே போனது. இசை இனிக் குழாய்த் தண்ணீரையும் மின்சாரத்தையும் போல எங்கும் கிடைக்கும் பண்டமாகிவிடும், ஆகவே கலைஞர்கள் நிறையப் பயணம் செய்து பாடத் தயாராக வேண்டும் என்ற பொருளில் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி 2002இல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் சொன்னார். அவர் சொன்னபடியே நடந்தது. விளம்பரமாக இருந்த கச்சேரி, தொழில் முழுவதையும் தாங்க வேண்டிய ஒற்றைத் தூணாயிற்று. அதுவும் எல்லாருக்கும் சமமாக அன்று. பொருளாதார அறிஞர் ஆலன் க்ரூகரின் கணக்குப்படி, கச்சேரிகளில் வந்த மொத்த வருமானத்தில் முதல் 1 விழுக்காட்டுக் கலைஞர்கள் பெற்ற பங்கு 1982இல் 26 விழுக்காடாக இருந்து 2003இல் 56 விழுக்காடாயிற்று.

இந்த இடத்தில்தான் இடைத்தரகு நிறுவனங்கள் வளர்ந்தன. அரிசோனாவில் 1976இல் பல்கலைக்கழக ஊழியர்கள் சிலர் தொடங்கிய டிக்கெட்மாஸ்டர், முதலில் அரங்குகளுக்குக் கணினி வசதி விற்கும் சிறு நிறுவனமாகத்தான் இருந்தது. 1980களில் அதன் தலைமைக்கு வந்த ஃப்ரெட் ரோசன் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ரசிகரிடம் டிக்கெட் விலைக்கு மேல் சேவைக் கட்டணம் வாங்கி, அதில் ஒரு பங்கை அரங்குக்கே திருப்பித் தந்து, பதிலுக்கு அந்த அரங்கின் டிக்கெட்டுகளைத் தாம் மட்டுமே விற்கும் உரிமையை நெடுங்காலத்துக்குப் பெற்றுக்கொள்வது. கட்டணம் ஏற ஏற அரங்குக்கும் லாபம் என்பதால், அதைக் குறைக்க வேண்டும் என்ற அக்கறை ரசிகரைத் தவிர வேறு எவருக்கும் இல்லாமல் போயிற்று. பேர்ல் ஜாம் என்ற ராக் இசைக்குழு 1994இல் இதை எதிர்த்து அமெரிக்க நீதித் துறையிடம் முறையிட்டது. குழுவினர் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமும் சொன்னார்கள். அடுத்த ஆண்டே நீதித் துறை விசாரணையை மூடிவிட்டது. நாட்டின் தணிக்கை அலுவலகம் 2018இல் ஆராய்ந்தபோது, முதல் விற்பனையில் வாங்கப்படும் கட்டணங்கள் சராசரியாக டிக்கெட் விலையில் 27 விழுக்காடாக இருந்தன.

இதனோடு இன்னொரு கிளையும் வளர்ந்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு வட்டாரத்திலும் தனித்தனியாக இருந்த கச்சேரி ஏற்பாட்டாளர்களை 1990களின் பிற்பாதியில் ராபர்ட் சில்லர்மன் ஒவ்வொருவராக விலைக்கு வாங்கி ஒரே நிறுவனமாக்கினார். 2000இல் அது வானொலி நிலையங்களை நடத்திவந்த க்ளியர் சேனலுக்குப் போய், 2005இல் லைவ் நேஷன் என்ற பெயரில் தனியாகப் பிரிந்தது. 2010இல் லைவ் நேஷனும் டிக்கெட்மாஸ்டரும் இணைந்தன. கலைஞரின் நிர்வாகி, கச்சேரியின் ஏற்பாட்டாளர், அரங்கின் உரிமையாளர், டிக்கெட் விற்பவர் என ஒருவரோடு ஒருவர் பேரம் பேசி ஒருவரை ஒருவர் கட்டுப்படுத்த வேண்டிய நால்வரும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். பெரிய அரங்குகளில் முதல் விற்பனையின் 80 விழுக்காடு வரை இந்நிறுவனத்தின் கையில் இருப்பதாகக் குற்றம்சாட்டி, அமெரிக்க நீதித் துறையும் பல மாநிலங்களும் 2024 மே மாதத்தில் வழக்குத் தொடுத்தன. நிறுவனம் அதை மறுத்தது.

இந்த நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கில், ரசிகரின் இடம் எது என்பதை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டும் ஒரு செய்தி இருக்கிறது. 2023இல் லைவ் நேஷனின் மொத்த வருவாய் ஏறத்தாழ 2,270 கோடி டாலர். அதில் பெரும்பகுதி கச்சேரி நடத்துவதில் வந்தது. ஆனால் கலைஞரின் பங்கு, மேடை, ஒலி, போக்குவரத்து எல்லாம் போக அதில் எஞ்சும் லாபம் மிகச் சிறியது. விளம்பரதாரர் ஆதரவிலிருந்து வந்த தொகை ஏறத்தாழ 110 கோடி டாலர்தான் என்றாலும், அதில் பாதிக்கும் மேல் லாபமாகவே நின்றது. பாட்டு நடத்துவதில் மெல்லிய லாபமும், பாட்டுக்கு வந்த கூட்டத்தை வங்கிகளுக்கும் குளிர்பான நிறுவனங்களுக்கும் காட்டுவதில் கொழுத்த லாபமும் இருக்குமானால், நிறுவனத்தின் முயற்சி எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிப்பது கடினமன்று. மேடையின் இரு புறமும் ஓயாமல் ஓடும் விளம்பரத் திரைகள், குறிப்பிட்ட வங்கியின் கடன் அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே திறக்கும் விற்பனை, நின்று பார்க்கும் இடத்தையே பல அடுக்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சூட்டுவது ஆகிய அனைத்தும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை.

கடன் அட்டைக்காரர்களுக்கான முன்விற்பனை சிறிய சலுகை போலத் தோன்றினாலும், அது என்ன செய்கிறது என்பதை நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அலுவலகம் 2016 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை எடுத்துக் காட்டியது. அந்த அலுவலகம் ஆராய்ந்த பெரிய நிகழ்ச்சிகளில் சராசரியாக 46 விழுக்காடு டிக்கெட்டுகள்தான் பொதுமக்களுக்கான விற்பனைக்கே வந்தன. 16 விழுக்காடு கலைஞர், அரங்கு, ஏற்பாட்டாளர் தரப்புக்கு ஒதுக்கப்பட்டது. 38 விழுக்காடு முன்விற்பனையில் போயிற்று. பொதுமக்களுக்கென மிஞ்சியதிலும் தானியங்கி மென்பொருள்கள் புகுந்தன. நியூயார்க்கில் நடக்கவிருந்த யு2 இசைக்குழுவின் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே தரகர் ஒரே நிமிடத்தில் 1,012 டிக்கெட்டுகளை வாங்கியிருந்ததை அந்த அறிக்கை பதிவு செய்தது. இத்தகைய மென்பொருள்களைத் தடைசெய்யும் சட்டம் அமெரிக்காவில் அதே ஆண்டின் இறுதியில் வந்தது. ஆனால் முதல் நடவடிக்கை எடுக்கப்பட்டது 2021இல்தான். காலையிலிருந்து கணினி முன் காத்திருந்து, திரையில் தன் முன்னே லட்சக்கணக்கானோர் நிற்பதாகக் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, அந்த வரிசை பாதிக்கும் குறைவான இடங்களுக்கான வரிசை என்பதை யாரும் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவது என் பார்வையில் விலையைவிடப் பெரிய அநீதி. ஏனென்றால் காத்திருக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையையே அது அவரிடமிருந்து பறிக்கிறது.

விலையைத் தேவைக்கேற்ப நொடிக்கு நொடி மாற்றும் முறை விமான நிறுவனங்களிடமிருந்து வந்தது. 1980களில் அமெரிக்க விமான நிறுவனங்கள் அதைக் கையாளத் தொடங்கின. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி 2009இல் அதை மைதானத்துக்குக் கொண்டுவந்தது. பிறகு இசை நிகழ்ச்சிகளுக்கும் பரவியது. 2022 ஜூலையில் அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் நிகழ்ச்சிகளின் சில டிக்கெட்டுகள் 5,000 டாலர் வரை ஏறியபோது, உழைக்கும் மக்களின் பாடகர் என்று அவரைக் கொண்டாடியவர்கள் கொதித்துப் போனார்கள். அவர் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். குறைந்த விலைக்கு விற்றால் இடையில் தரகர் வாங்கி அந்த உயர்ந்த விலைக்குத்தான் விற்கப்போகிறார். அந்தப் பணம் மேடையில் வியர்வை சிந்துபவர்களுக்கே வரட்டுமே என்பது அவர் பின்னர் தந்த விளக்கம். பெரும்பாலான டிக்கெட்டுகள் நிலையான விலையிலேயே விற்கப்பட்டன என்பதும் உண்மை. இந்த விளக்கத்தில் கணக்கு சரியாக இருக்கிறது, ஆனால் ரசிகர் அதில் இல்லை. தரகர் பெறும் பணம் கலைஞருக்கு மாறுகிறதே தவிர, வசதி இல்லாதவருக்கு வாசல் அடைபடுவது மாறவில்லை.

2024 ஆகஸ்ட் 31ஆம் தேதி நடந்த, ஒயாசிஸ் என்னும் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் மறுசந்திப்பு நிகழ்ச்சிகளுக்கான டிக்கெட் விற்பனையை இதன் தொடர்ச்சியாகப் பார்க்கலாம். சுமார் 148 பவுண்டு என்று எண்ணி மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு, முறை வந்தபோது அதே நின்று பார்க்கும் இடம் 355 பவுண்டு என்று காட்டப்பட்டது. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் விசாரித்ததில், பலர் நினைத்ததுபோல் மென்பொருள் நொடிக்கு நொடி விலையை ஏற்றியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இரண்டு விலை அடுக்குகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தன; குறைந்த விலை டிக்கெட்டுகள் தீர்ந்ததும் கூடிய விலை டிக்கெட்டுகள் திறந்துவிடப்பட்டன; வரிசையில் நின்றவர்களுக்கு அது தெரிவிக்கப்படவில்லை. அவ்வளவுதான். கணினியின் மேல் பழிபோடுவது எளிது என்றாலும், இங்கே நடந்தது மனிதர்கள் எடுத்த ஒரு முடிவும் அதை மறைத்ததும்தான். இசைக்குழுவோ, டிக்கெட் விற்பனையையும் விலையையும் ஏற்பாட்டாளர்களிடமும் நிர்வாகத்திடமும் விட்டுவிட்டதாகவும், மாறும் விலை முறை பயன்படுத்தப்படும் என்பதே தங்களுக்குத் தெரியாது என்றும் அறிக்கை விட்டது. பாடுபவர்களுக்கே தங்கள் ரசிகர் எவ்வளவு கொடுத்து உள்ளே வருகிறார் என்பது தெரியாத அளவுக்கு நடுவிலிருப்பவர்களின் சுவர் உயர்ந்திருக்கிறது.

வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிறகும் இது முடிவதில்லை. காகித டிக்கெட் மறைந்து, சில நொடிக்கொருமுறை மாறும் பட்டைக்குறியீடு கைபேசிச் செயலிக்குள் வந்தது. டிக்கெட்மாஸ்டர் இதை 2019இல் அறிமுகப்படுத்தியது. போலி டிக்கெட்டைத் தடுப்பதற்கு அது உதவுகிறது. கூடவே, நண்பர் ஒருவர் நான்கு டிக்கெட் வாங்கி மற்ற மூவரோடு வந்த காலத்தில் பெயரற்றவராக இருந்த அந்த மூவரும், இப்போது தனித்தனிக் கணக்கும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உள்ள வாடிக்கையாளர்களாகிவிட்டார்கள். அந்தத் தகவல்கள் எவ்வளவு பத்திரமாக இருக்கின்றன என்பது 2024 மே மாதத்தில் தெரிந்தது. டிக்கெட்மாஸ்டரின் தகவல் சேமிப்பில் ஊடுருவல் நடந்ததைத் தாய் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 56 கோடிப் பேரின் விவரங்கள் தங்களிடம் இருப்பதாக ஊடுருவிய கும்பல் சொல்லிக்கொண்டது.

முகத்தை அடையாளம் காணும் கேமராக்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் 2022 இறுதியில், தன் மகளின் சாரணியர் குழுவோடு கிறிஸ்துமஸ் நடன நிகழ்ச்சிக்கு வந்த ஒரு தாய் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். அவர் ஒரு வழக்கறிஞர். அரங்கை நடத்தும் குழுமத்தின் உணவகம் ஒன்றுக்கு எதிரான வழக்கை அவர் பணிபுரியும் நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தது. அந்த வழக்கோடு அவருக்கு நேரடித் தொடர்பு இல்லை. பாதுகாப்புக்காக என்று சொல்லி வைக்கப்பட்ட கேமரா, உரிமையாளருக்குப் பிடிக்காதவர்களை வடிகட்டும் கருவியாகப் பயன்பட்டது. பிள்ளைகள் உள்ளே நடனம் பார்த்தார்கள். தாய் வெளியே காத்திருந்தார். அன்றாட வாழ்வின் வழக்கும் பகையும் எட்டாத இடம் என்று நம்பித்தான் மனிதர்கள் அரங்குக்குப் போகிறார்கள். இந்தக் கருவி அந்த வழக்கையும் பகையையும் அவர்களுக்கு முன்பே வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

எல்லாக் கருவிகளையும் இதே தட்டில் வைத்துவிட முடியாது. கோல்ட்ப்ளே 2012 முதல் தன் ரசிகர்களின் மணிக்கட்டில் கட்டும் ஒளிப்பட்டைகள், பாட்டுக்கேற்ப மைதானம் முழுவதும் ஒரே நிறத்தில் எரிந்து அணைகின்றன. கடைசி வரிசையில் நிற்பவரும் காட்சியின் பகுதியாகிறார்; அங்கே இருந்தவர்கள் அதை மகிழ்ச்சியோடுதான் நினைவுகூர்கிறார்கள். அதே குழுவின் பாடகர் க்ரிஸ் மார்ட்டின், நிகழ்ச்சியின் நடுவே ஒரு பாட்டை நிறுத்தி, இந்த ஒரு பாட்டுக்காவது கைபேசிகளைப் பையில் வைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்வதை வழக்கமாக வைத்திருக்கிறார். இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் ஒரு பாட்டுக்கு மட்டும் கேட்டுப் பெற வேண்டிய ஒன்றாகக் கவனம் ஆகிவிட்டதை அந்த வேண்டுகோள் காட்டுகிறது.

கைபேசியைத் தூக்கிப் பிடிப்பதால் என்ன இழப்பு என்ற கேள்விக்கு ஆய்வுகள் நுட்பமான விடை தருகின்றன. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படமெடுத்தவர்கள் வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவில் வைத்திருந்தார்கள். 2017இல் அலிக்ஸாண்ட்ரா பராஷும் மற்றவர்களும் நடத்திய ஆய்வு இதை மாற்றிச் சொன்னது. தாமே விரும்பிப் படமெடுப்பவர்களுக்குக் கண்ணால் கண்டது கூடுதலாக நினைவில் நிற்கிறது. காதால் கேட்டதுதான் குறைகிறது. ஓவியக் கண்காட்சிக்குப் போனவருக்கு இது லாபமாகவே இருக்கலாம். பாட்டுக் கேட்கப் போனவருக்கோ, எதற்காகப் போனாரோ அதுதான் இழப்பு. தவிரவும், கையில் உயர்ந்து நிற்கும் அந்தத் திரை பின்னால் நிற்பவருக்கு மேடையை மறைக்கிறது. எடுப்பவரின் கவனத்தை இனி இதைப் பார்க்கப்போகிறவர்களிடம் கொண்டுபோகிறது. இங்கே ஊடுருவியிருப்பது எந்த நிறுவனமும் அன்று, நம் கையே. ஆனால் கூட்டம் எடுத்துப் பரப்பும் காணொளி அடுத்த ஊரின் டிக்கெட் விற்பனைக்கு இலவச விளம்பரமாவதால், ஏற்பாட்டாளர்கள் அதைத் தடுக்க முனைவதில்லை.

தமிழ்ச் சூழலில் இந்த நெருக்கடி வேறொரு வடிவம் எடுத்தது. 2023 செப்டம்பர் 10ஆம் தேதி சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையூரை அடுத்த திறந்தவெளியில் நடந்த ஏ.ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சிக்கு டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளேயே நுழைய முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் குழந்தைகள் பெற்றோரைவிட்டுப் பிரிந்தார்கள். பெண்கள் சீண்டலுக்கு ஆளானார்கள். சாலை மணிக்கணக்கில் முடங்கியது. இடத்தின் கொள்ளளவுக்கு மீறி டிக்கெட் விற்கப்பட்டதா என்று காவல்துறை விசாரித்தது. உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி கேட்டுக்கொண்ட ரகுமான், நடந்ததற்கு வருத்தமும் தெரிவித்தார். வெளிநாட்டு நிகழ்ச்சிகளில் தொழில்நுட்பம் ரசிகரை மிகத் துல்லியமாக எண்ணிப் பின்தொடர்கிறது என்றால், இங்கே வெளிப்பட்டது அதன் மறுபக்கம்: பணம் வாங்கும் பகுதி மட்டும் முழுமையான தொழில்நுட்பத்தோடு இயங்கியது, வாசல், வாகன நிறுத்தம், குடிநீர், இருக்கை என்று மனிதர்களுக்குத் தேவையான பகுதி அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

2024 பிப்ரவரி 9ஆம் தேதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சி தடைபட்டதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்பகுதி கட்டணம் செலுத்தியவர்களுக்கு, பின்பகுதி இலவசம், நடுவே தடுப்புகள். பின்னால் பெருகிய கூட்டம் தடுப்புகளை மீறி முன்னே வந்தது, நிகழ்ச்சி இடையில் நிறுத்தப்பட்டது. கூட்டத்தின் ஒழுங்கீனம் என்று அன்றைக்குப் பலர் எழுதினார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நீண்ட போரும் அதன் பின்விளைவுகளும் இத்தகைய பெரும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளை அரிதாக்கிவிட்ட ஓர் ஊரில், எல்லாரும் கூடும் பொதுவெளியை மேடை தெரியும் பகுதி, தெரியாத பகுதி என்று விலையால் பிரித்தபோது அந்தத் தடுப்பு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை ஏற்பாட்டாளர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். கோயில் திருவிழாக் கச்சேரியில் முன்னால் துண்டு விரித்து இடம் பிடித்துக் கேட்டுப் பழகிய சமூகம் இது.

இவையெல்லாம் தவிர்க்க முடியாத காலமாற்றம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் வேறு முடிவு எடுத்தவர்களும் இருக்கிறார்கள். 2023இல் தி க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித், மாறும் விலையை மறுத்து, 20 டாலரிலிருந்து டிக்கெட் வைத்தார்; பெரும்பாலான இடங்களில் டிக்கெட்டைக் கைமாற்ற முடியாதபடியும் செய்தார். சில டிக்கெட்டுகளில் சேவைக் கட்டணமே டிக்கெட் விலையைத் தாண்டியது தெரிந்ததும் அவர் வெளிப்படையாகச் சீறினார். டிக்கெட்மாஸ்டர் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 5 அல்லது 10 டாலரைத் திருப்பித் தந்தது. கலைஞர் ஒருவர் உறுதியாகக் கேட்டால் குறைக்க முடிகிற கட்டணம் அது என்பதை அந்த நிகழ்வு நிறுவியது. இங்கிலாந்தின் க்ளாஸ்டன்பரி விழாவில் முன்கூட்டியே புகைப்படத்தோடு பதிவு செய்தவர்கள் மட்டுமே டிக்கெட் வாங்க முடியும். டிக்கெட்டில் அவர்களுடைய படம் இருக்கும். வர முடியாதவர் விழாவிடமே திருப்பித் தர வேண்டும், தரகருக்கு வேலை இல்லை. இங்கே பயன்படுவதும் தொழில்நுட்பம்தான். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2014இல் தொடங்கிய யாண்டர் நிறுவனத்தின் பைகளில் கைபேசியைப் பூட்டி, பையை ரசிகரிடமே கொடுத்துவிடும் முறையை பாப் டிலன், ஜாக் ஒயிட் போன்ற பாடகர்கள் கையாண்டிருக்கிறார்கள்.

அரசுகளும் தலையிட்டிருக்கின்றன. பெல்ஜியத்தில் 2013இலும், ஜப்பானில் 2019 ஜூனிலும், அயர்லாந்தில் 2021இலும் கூடுதல் விலைக்கு மறுவிற்பனை செய்வதைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்தன. ஜப்பானில் ஓராண்டுச் சிறை வரை தண்டனை உண்டு. அமெரிக்காவில் 2025 மே மாதம் முதல், கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த மொத்த விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். வாங்கிய விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைத் தடைசெய்யப்போவதாக 2025 நவம்பரில் பிரிட்டன் அரசு அறிவித்தது.

இந்தியாவில் கச்சேரி டிக்கெட் மறுவிற்பனைக்கெனத் தனியான மத்தியச் சட்டம் இல்லை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், முதலில் குறைந்த விலை காட்டிக் கடைசியில் கட்டணங்களைச் சேர்ப்பதையும் போலியான அவசரத்தை உண்டாக்குவதையும் தடைசெய்கின்றன. டிக்கெட் தளங்களுக்கும் அவை பொருந்தும். அவற்றை உறுதியாக நடைமுறைப்படுத்தினாலே ஒரு பகுதி சீராகும். அதைவிட எளிதான ஒன்றையும் மாநில அளவிலேயே செய்யலாம். பெரிய நிகழ்ச்சி எதற்கும் காவல்துறையின் அனுமதி வேண்டும்; எத்தனை பேர் வரலாம் என்பது அந்த அனுமதியைக் கேட்கும்போதே தெரிவிக்க வேண்டிய விவரம். அந்த எண்ணையும், அதில் பொது விற்பனைக்கு வருவது எத்தனை, விளம்பரதாரர்களுக்கும் கடன் அட்டைதாரர்களுக்கும் ஒதுக்கப்பட்டது எத்தனை என்பதையும் விற்பனை தொடங்குவதற்கு முன்பே டிக்கெட் தளத்தில் வெளியிட வேண்டும் என்று அனுமதியோடு ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். அதற்குப் புதிய சட்டமோ புதிய மென்பொருளோ தேவையில்லை. பனையூரில் டிக்கெட்டோடு வெளியே நின்றவர்களின் கையில் அந்த மூன்று எண்களும் முன்பே இருந்திருந்தால், கேள்வி கேட்பதற்கு அவர்கள் நிகழ்ச்சி நாள் வரை காத்திருக்க நேர்ந்திருக்காது.